பல்லுப் போடாத குதிரைகள்

ரொறன்ரோவில் வாழும் தம்பி ஒருவர் எனக்கு அவ்வப்போது எழுதுவார். ஜெயபுரத்தில் வளர்ந்தவர். நான் எழுதுவதில் பாதியுடன் உடன்படமாட்டார். உடன்படாததை எழுதி அனுப்பாமலும் இருக்கமாட்டார். சென்ற ஆண்டுக்கு முந்திய மார்கழியில் அவரிடமிருந்து வந்த நீண்ட மின்னஞ்சல் வழக்கம்போல் அரசியல் பற்றியதாக இருக்கவில்லை. மாடு பற்றியதாக இருந்தது.

ஊரில் இருக்கும் தகப்பனாருக்கு இரண்டு நாம்பன்கள் வாங்கிக்கொடுத்திருக்கிறார். சவாரிக்கென்றே தேடி எடுத்த சோடி. வயது இரண்டைத் தாண்டிவிட்டது. வருகிற சித்திரைச் சவாரியில் அவற்றைப் பூட்ட வேண்டும் என்பது மகனின் விருப்பம். மூச்சுக்கூட விடாதே என்பது தகப்பனின் பதில். மகன் வார இறுதிகளில் வூட்பைன் பந்தயத் திடலுக்குப் போய்வருபவர். அங்கே இரண்டு வயதுக் குதிரைகளுக்கென்றே தனிப் பந்தயங்கள் நடப்பதைக் கண்ணால் பார்க்கிறவர். ஆகவே அவருடைய கேள்வி நேரானது: "அண்ணை, கோடிக்கணக்கிலை விலை போற குதிரையே இரண்டு வயசிலை ஓடுது. எங்கடை நாம்பன் ஏன் ஓடக்கூடாது? நீங்கள் நுவரெலியாக் குதிரைப் பந்தயம் பற்றி எழுதினனீங்கள்தானே, அப்பாவுக்கு ஒருக்கால் சொல்லுங்கோ."

உண்மைதான். பத்திரிகைத் தொழிலில் இளையவனாக இருந்த நாட்களில், வேறு எவரும் போக விரும்பாத வேலைகள் என் தலையில் விழுந்தன. அவற்றுள் ஒன்று ஏப்ரல் மாதத்து நுவரெலியாப் பந்தயம். 1875-இல் தொடங்கிய திடல் அது. கொழும்பில் குதிரைப் பந்தயம் ஓய்ந்த பிறகும், மலை உச்சியின் மெல்லிய காற்றில் அங்கே குதிரைகள் ஓடின. ஓடுகிற குதிரைகள் பெரும்பாலும் இந்தியாவில் பிறந்தவை. பந்தயம் கட்டுகிற கூட்டத்தைவிட, விடியற்காலையில் லாயத்தில் நடக்கும் காரியங்களே எனக்குப் பிடித்திருந்தன. ஒரு பயிற்சியாளர் தினமும் ஒவ்வொரு குதிரையின் முன்னங்காலையும் கையின் புறப்பக்கத்தால் தடவிப் பார்ப்பார். உள்ளங்கை பழகிப் போய்விடும், புறங்கைதான் சூட்டைச் சரியாகச் சொல்லும் என்பார். காலில் சூடு இருந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. அவர் எழுதிவைத்த அட்டவணை எதுவாக இருந்தாலும் சரி.

தை மாதத்தில் கிளிநொச்சிப் பக்கம் வேறு அலுவலாகப் போனபோது ஜெயபுரத்துக்கும் போனேன்.

தூர தேசத்து வாசகர்களுக்காக: ஜெயபுரம் கிளிநொச்சி மாவட்டத்தில், பூநகரிப் பிரதேச செயலர் பிரிவில் உள்ள ஊர். முழங்காவில், பல்லவராயன்கட்டு, வன்னேரிக்குளம் எல்லாம் சுற்றுவட்டாரம். காடும் வயலும் கலந்த நிலம். 2008-ஆம் ஆண்டு யுத்தம் மன்னாரில் இருந்து வடக்கு நோக்கி நகர்ந்தபோது இப்பகுதி மக்கள் வண்டிலிலும் உழவு இயந்திரத்திலும் கிழக்கு நோக்கிப் போனார்கள். இந்தப் பெரியவரும் போனார். அப்போது அவரிடம் இருந்த சவாரிச் சோடிதான் வீட்டுச் சாமான்களை இழுத்தது. 2009-இல், இனி வண்டில் போக வழியில்லை என்ற இடத்தில், கயிற்றை அறுத்து இரண்டையும் விட்டுவிட்டு நடந்திருக்கிறார். அந்தக் கதையை அவர் இரண்டு வசனங்களில் சொல்லி முடித்தார். நானும் மேலே கேட்கவில்லை. அதன் பிறகு அவர் வாங்கியவை எல்லாம் பால் மாடுகள். சவாரி மாடு என்று வீட்டுக்கு வந்தது இந்தச் சோடிதான்.

மாட்டுவண்டிச் சவாரி பற்றி ஈழத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தமிழகத்து ரேக்ளாவை அறிந்தவர்கள் ஓரளவு ஊகிக்கலாம். இலேசான இரு சக்கர வண்டில், நுகத்தில் இரண்டு மாடு, சில நூறு மீற்றர் நேர் ஓட்டம், மேட்டில் நின்று கத்தும் சனம். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் சவாரித் திடல்கள் இன்றும் இருக்கின்றன. மாடுகளைத் தரம் பிரித்து ஓட விடுவார்கள். வெல்லும் சோடியை ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை பூட்ட வேண்டி வரலாம். நுனியில் ஆணி வைத்த துவரந்தடியால் குத்தும் கெட்ட வழக்கமும் இந்த விளையாட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை. இரத்தம் கண்ட பிறகு கிடைக்கிற வேகம் மாட்டின் வேகம் அல்ல, வலியின் வேகம். பெரியவரும் ஆணித்தடியைத் தொடாதவர் என்பதை முதலிலேயே கேட்டு அறிந்துகொண்டேன்.

நாம்பன்கள் வேப்பமரத்தடியில் நின்றன. ஒன்று வெள்ளை, மற்றது மயிலை. பக்கத்தில் வைக்கோலும் கிழித்த பனையோலையும். பெரியவர் வெள்ளையின் வாயைத் திறந்து காட்டினார். மாட்டுக்கு முன்வாயில் மேற்பல் கிடையாது. கீழ்த்தாடையில் எட்டு முன்பற்கள். நடுவில் இரண்டு மட்டும் அகலமாக, புதிதாக, வெள்ளையாக நின்றன. இரு பக்கமும் மிச்சம் ஆறும் சிறிய பாற்பற்கள்.

"இரண்டு பல்லுத்தான் போட்டிருக்கு, தம்பி. ஆறு பல்லு வரட்டும், பூட்டுவம். பல்லு அசையிற காலத்திலை எலும்பும் அசையும்."

"மகன் குதிரையைச் சொல்றார், ஐயா."

"குதிரைக்கு எத்தினை பல்லிலை ஓட்டம்?"

இந்தக் கேள்விக்கு நான் எதிர்பாராத பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது. குதிரைக்கு முதற்சோடி நிலைப்பல் முளைப்பது ஏறத்தாழ இரண்டரை வயதில். அடுத்தது மூன்றரையில். கடைசி நாலரையில். ஆகவே இரண்டு வயதுப் பந்தயத்தில் ஓடும் குதிரைகளிற் பல, ஒரு பாற்பல்லைக்கூட இழக்காதவை. அதற்கு மேலும் ஒரு விசித்திரம் உண்டு. பந்தயச் சாதிக் குதிரைகளுக்கு, வட கோளத்தில், அவை எந்த மாதத்தில் பிறந்தாலும் பிறந்தநாள் ஜனவரி 1. தென் கோளத்தில் ஓகஸ்ட் 1. மே மாதத்தில் பிறந்த குட்டிக்கு அடுத்த ஜனவரியில், எட்டு மாதம்கூட நிறையாத நிலையில், ஒரு வயது நிறைந்துவிடும். 'இரண்டு வயது' என்று ஏப்ரலில் ஓடுகிற குதிரை உண்மையில் இரண்டு வயதை எட்டாததாகவே இருக்கலாம்.

பெரியவர் மாட்டின் வாயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பல்லுப் போடாத குதிரையையோ ஓட விடுறாங்கள்?"

ஓட விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் விடை எளியது: ஒரு குதிரை வளரும் ஒவ்வொரு மாதமும் தீனிச் செலவு, பயிற்சிச் செலவு, கடன் வட்டி. ஓட்டம் தொடங்கினால்தான் வரவு. அட்டவணையை எழுதுவது குதிரையின் முழங்கால் அல்ல, கணக்குப்பிள்ளை. இதைச் சொல்லும்போதே ரொறன்ரோத் தம்பியின் முகம் என் கண்முன் வந்தது. அவரும் நாம்பன்களுக்குத் தீனிக் காசு அனுப்புகிறவர். ஆனால் அவருடைய அவசரம் காசால் வந்ததல்ல. தகப்பன் எழுபதைத் தாண்டிவிட்டார், நெஞ்சு நோவென்று இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்து எழும்பியிருக்கிறார். அவர் வண்டிலில் நிற்கிற காட்சியை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது மகனின் ஆசை. அதை அவர் தகப்பனிடம் சொல்லவில்லை. குதிரையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, குதிரைக்கே வருவோம். இளங்குதிரையை எப்படி மதிப்பிடுகிறார்கள்? ஒரு வயதில் ஏலத்துக்கு வரும் குட்டியை வாங்குகிறவர்கள் அதை நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும். முழங்கால் நேராக இறங்குகிறதா, பின்னோக்கி வளைந்திருக்கிறதா, குளம்பு வெளியே திரும்புகிறதா என்று. வம்சம் பார்க்கிறார்கள். எக்ஸ்றே படம் பார்க்கிறார்கள். இன்னும் துணிந்தவர்கள் இரண்டு வயதில், ஏலத்துக்கு முன்பாகவே ஒரு ஃபர்லாங், அதாவது 200 மீற்றர், முழு வேகத்தில் ஓடவிட்டு மணிக்கூட்டைப் பார்த்து வாங்குகிறார்கள்.

2006-இல் ஃபுளோரிடாவில் அப்படி ஒரு குதிரை 9.8 செக்கனில் அந்தத் தூரத்தை ஓடியது. 'த கிரீன் மங்கி' என்று பின்னர் பெயர் பெற்றது. 1 கோடியே 60 இலட்சம் டொலருக்கு விற்பனையானது. மூன்று பந்தயங்களில் ஓடியது. ஒன்றிலும் வெல்லவில்லை. அதற்கு மாறாக, 1975-இல் முன்குளம்பு வெளியே திரும்பிய ஒரு குட்டியை 17,500 டொலருக்கு வாங்கினார்கள். அது சியாட்டில் ஸ்லூ. 1977-இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும், அதுவரை ஒரு தோல்வியும் இல்லாமல் வென்றது. பின்னோக்கி வளைந்த முழங்காலும் கெட்ட குணமும் கொண்ட ஜோன் ஹென்றி என்ற குட்டியை ஒரு வயதில் 1,100 டொலருக்குத் தள்ளிவிட்டார்கள். நலமடித்த அந்தக் குதிரை 83 பந்தயங்கள் ஓடி, 39 வென்று, 65 இலட்சம் டொலருக்கு மேல் சம்பாதித்தது. அதன் பெரிய வெற்றிகளில் ஒன்று வந்தபோது அதற்கு வயது 9.

இதைக் கேட்டுப் பெரியவர் முதற்தடவையாகச் சிரித்தார். மயிலை நாம்பனுக்கு முதுகில் ஒரு கெட்ட சுழி இருக்கிறதாம். சுழி பார்த்தவர்கள் ஒருவரும் அதை வாங்கவில்லை; அதனால்தான் விலை படிந்தது. "நான் சுழியைப் பாக்கேல்லை, நடையைத்தான் பாத்தனான்" என்றார். பின்குளம்பு முன்குளம்பின் தடத்தில் விழுகிறதா என்று ஈரமண்ணில் நடத்திப் பார்த்திருக்கிறார். கென்டக்கி ஏலத்தில் சப்பாத்தோடு நிற்பவர்கள் பார்ப்பதும் ஏறத்தாழ இதைத்தான்.

(பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த காலத்தில் மார்க்கோ போலோவின் குறிப்பு ஒன்று என் மனதில் தங்கியது. பாண்டிய நாட்டு அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியாக வாங்குவாராம். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதாம், பராமரிக்கத் தெரியாததால். இலாடம் கட்டுகிறவர்கள் அங்கே போய்விடாமல் விற்கிற வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். சாகும் குதிரைக்குப் பதில் புதுக் குதிரை விற்கலாம் அல்லவா. மாணிக்கவாசகர் குதிரை வாங்கப்போன கதையைப் பக்தியோடு படிக்கிற நாம், அவ்வளவு குதிரை ஏன் தேவைப்பட்டது என்று கேட்பதில்லை.)

இனி எலும்பு. தகப்பன் மகன் வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியது அதுதான்.

நாலாம் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் ஒரு முன்னங்கால், அது நிலத்தில் ஊன்றும் கணத்தில், உடல் எடையின் ஏறத்தாழ இரண்டரை மடங்கைத் தாங்குகிறது. எலும்பின் முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. எலும்பு நீளமாவது அங்கேதான். வளர்ச்சி முடிந்ததும் அவை இறுகி எலும்போடு எலும்பாகிவிடும். எல்லாம் ஒரே நாளில் இறுகுவதில்லை. நிலத்துக்குக் கிட்ட உள்ளவை முதலில், மேலே உள்ளவை பிறகு, முதுகெலும்பு கடைசியில். குதிரையின் முன் முழங்காலுக்கு மேலே உள்ள தட்டு எக்ஸ்றேயில் இறுகித் தெரிவது பெரும்பாலும் இரண்டிலிருந்து இரண்டரை வயதுக்குள். மாட்டுக்கு அதே இடத்துத் தட்டு இறுக மூன்றரை முதல் நாலு வயது ஆகும்.

மகனின் வாதம் இந்த இடத்தில் உடைகிறது. இரண்டு வயதுக் குதிரையும் இரண்டு வயது நாம்பனும் ஒரே வயதினர் அல்லர். பெரியவரின் 'ஆறு பல்' என்பது, மூன்று, மூன்றரை வயது. எக்ஸ்றே கண்டுபிடிக்காத காலத்தில் யாரோ எத்தனை நொண்டி மாடுகளைப் பார்த்து அந்தக் கணக்குக்கு வந்தார்களோ தெரியாது. கணக்கு ஏறத்தாழச் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் மகன் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதை மறைத்து எழுதினால் நான் நடுநிலையானவன் அல்லன். இளங்குதிரையைச் சும்மா கட்டி வைத்தால் எலும்பு பலப்படாது. எலும்பு உயிருள்ள பொருள். எந்தச் சுமையைத் தாங்குகிறதோ அதற்கேற்பத் தன்னைத் திருத்திக் கட்டுகிறது. பென்சில்வேனியாவில் டேவிட் நுனமேக்கர் என்ற விலங்கு மருத்துவர், இளங்குதிரைகளுக்கு வருகிற முன்கால் எலும்பு வீக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நெடுந்தூரம் மெதுவாக ஓட்டிப் பழக்கிவிட்டுத் திடீரென்று முழு வேகத்துக்குத் தள்ளும் முறைதான் கேடு என்று அவர் கண்டார். பந்தய வேகத்தில், ஆனால் மிகக் குறுகிய தூரம், ஒழுங்காக ஓடவிட்ட குதிரைகளின் எலும்பு அந்த வேகத்துக்கேற்ற வடிவத்தைப் பெற்றது. அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் பந்தயப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், இரண்டு வயதில் ஓடத் தொடங்கிய குதிரைகள், பிந்தித் தொடங்கியவற்றைவிட நீண்ட காலம் ஓடின என்றும் காட்டியிருக்கிறார்கள்.

மகன் இந்த ஆய்வுகளை எனக்கு இணைத்தே அனுப்பியிருந்தார். படித்த பிள்ளை.

இங்கே ஒரு பத்திரிகைக்காரனின் சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு வயதில் ஓடிய குதிரைகள் எவை? இரண்டு வயதிலேயே நோவில்லாமல் பந்தயத் திடல் வரைக்கும் வந்து சேர்ந்தவை. கால் வீங்கியவை, முழங்கால் நொந்தவை அந்தப் பட்டியலில் வராமல் 'பிந்தித் தொடங்கியவை' என்ற பட்டியலுக்குப் போய்விடும். நல்ல காலுள்ளவை முந்தி ஓடின என்பதும், முந்தி ஓடியதால் கால் நல்லதாயிற்று என்பதும் ஒன்றல்ல. ஆய்வாளர்களுக்கும் இது தெரியும்; அவர்கள் அடக்கமாகவே எழுதுகிறார்கள். அவர்களை மேற்கோள் காட்டுகிற குதிரை வியாபாரிகள்தான் அடக்கத்தை விட்டுவிடுகிறார்கள். பிந்தித் தொடங்கினால் வெல்ல முடியாது என்பதும் பொய். இரண்டு வயதில் ஒரு தடவையும் ஓடாத குதிரை கென்டக்கி டேர்பியை 1882-க்குப் பிறகு வென்றதில்லை என்று நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லி வந்தார்கள். 2018-இல் ஜஸ்டிஃபை வென்றது. அந்த ஆண்டு பெப்ரவரியில்தான் முதல் ஓட்டம்; ஜூனுக்குள் மூன்று பெரும் பந்தயங்களும் அதன் கையில். ஆனால் ஆறே ஓட்டங்கள், நாலு மாதத்துக்குள். அடுத்த மாதம் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

எத்தனை தடவை ஓடலாம் என்ற கேள்வி, எந்த வயதில் தொடங்கலாம் என்பதைவிடக் கடினமானது. சீபிஸ்கற் என்ற புகழ்பெற்ற குதிரை 1935-இல், தன் இரண்டாம் வயதில் மட்டும் 35 பந்தயங்கள் ஓடியது. வாழ்நாளில் 89. அப்படி இன்றைக்கு ஓடவிட்டால் சனம் சும்மா இராது. அமெரிக்காவில் 1960-இல் ஒரு குதிரை ஆண்டுக்குச் சராசரியாக 11 தடவைக்கு மேல் ஓடியது. அண்மைக் காலத்தில் அது ஏறத்தாழ 6. ஓட்டம் பாதியாகக் குறைந்ததே, சாவு ஒழிந்துவிட்டதா? இல்லை. 2018 டிசெம்பர் கடைசியிலிருந்து 2019 ஜூன் வரை கலிபோர்னியாவின் சான்டா அனிற்றா திடலில் மட்டும் 30 குதிரைகள் செத்தன. அந்தக் கூக்குரலின் பின்னால்தான் அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான பாதுகாப்புச் சட்டம் 2020-இல் நிறைவேறி, 2022-இல் நடைமுறைக்கு வந்தது.

1990-களில் கலிபோர்னியாவில் செய்த ஆய்வுகள் இரண்டு பக்கத்தையும் காட்டின. ஓரிரு மாதத்துக்குள் வேக ஓட்டங்களை அடுக்கடுக்காகத் திணித்த குதிரைகளுக்கு ஆபத்து கூடியது. இரண்டு மாதமோ அதற்கு மேலோ வேக ஓட்டமே இல்லாமல் நின்றுவிட்டுத் திரும்ப வந்த குதிரைகளுக்குத் தோள்பக்கத்து எலும்பு முறியும் ஆபத்து கூடியது. எலும்பு தன்னைத் திருத்தும்போது முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது, பிறகுதான் புதியதை நிரப்புகிறது. அரித்தது வேகமாக நடக்கும், நிரப்புவது மெதுவாக. அந்த இடைவெளியில் குதிரை வெளியே பார்ப்பதற்கு முழுச் சுகமாகத் தெரியும். தசையில் செலவான சக்தி இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடும். தீனி தின்னும், துள்ளும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் பெயர் கொடுக்கிறவன் தசையைப் பார்க்கிறான். எலும்பு அவனுக்குத் தெரிவதில்லை.

சவாரி மாட்டுக்கு இதைவிடக் கூடுதலான இரண்டு சிக்கல் உண்டு. குதிரை மனிதனைப்போல உடல் முழுவதும் வியர்த்துச் சூட்டைக் கழிக்கும். மாட்டுக்கு அந்த வசதி குறைவு. சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டாம் சுற்று என்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். மற்றது நுகம். தனிக் குதிரைக்குக் கால் நொந்தால் நடையில் தெரியும். சோடியில் ஒன்று நொந்தால் மற்றது இழுத்துக்கொண்டு போய்விடும். "நொண்டிற மாட்டைச் சோடி மாடு ஒளிச்சுப்போடும்" என்றார் பெரியவர். ஆகவே ஒவ்வொரு நாளும் நுகம் இல்லாமல் தனித்தனியே நடத்திப் பார்க்கிறார். முன்னங்கால்களைத் தடவிப் பார்க்கிறார். நான் கவனித்தேன்: புறங்கையால்தான்.

அவரிடம் நான் ஒரு விடயத்தில் மாறுபட்டேன். அவர் நாம்பன்களை நடத்தினாரே தவிர, ஓட விடவே இல்லை. 2009-க்குப் பிறகு வந்த முதற்சோடி. பொத்திப் பொத்தி வளர்க்கிறார். ஆறு பல் வந்த அன்றைக்கு நேரே திடலில் பூட்டினால், நுனமேக்கர் சொன்ன குதிரைகளின் கதிதான் வரும் என்று சொன்னேன். முதலில் அவருக்குக் கோபம். "கொழும்பிலை இருந்து வந்து எனக்கு மாடு பழக்கச் சொல்லித் தாறியளோ தம்பி?" என்று கேட்டார். பிறகு தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்த பின், தன்னுடைய தகப்பனார் இளம் நாம்பன்களை அறுவடை முடிந்த வயலில் வெறும் நுகத்தோடு கொஞ்சத் தூரம் ஓடவிட்டுப் பிடிப்பதைக் கண்டிருக்கிறேன் என்று தானாகச் சொன்னார். அது விளையாட்டென்று நினைத்திருந்தாராம்.

மகனுக்கு நான் எழுதியதை இங்கே சுருக்கித் தருகிறேன். இந்தச் சித்திரையில் பூட்ட வேண்டாம். குதிரையின் வயதை மாட்டுக்கு ஒட்ட வைக்க முடியாது. நாலு பல் வரும்வரை பாரம் இல்லாத நடையும், மணல் தரையில் கிழமைக்கு இரண்டு தடவை ஐம்பது அறுபது பாகம் ஓட்டமும் போதும். ஆறு பல்லுக்குப் பிறகு வெறும் வண்டில். முதற்பருவத்தில் இரண்டே இரண்டு சவாரி, இடையில் ஒரு மாதமாவது இடைவெளி. ஒரு நாளில் இரண்டு சுற்றுக்கு மேல் போக வேண்டி வந்தால், வென்றுகொண்டிருந்தாலும் அவிழ்த்துவிட வேண்டும். கடைசியாக, மாட்டைப் பற்றியதல்லாத ஒரு வரியும் எழுதினேன்: அப்பா வண்டிலில் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்றால் அதை அப்பாவிடம் சொல்லுங்கள், இந்தச் சித்திரையிலேயே வந்து, வயற்கரையில் வெறும் வண்டிலில் கிழட்டு மாட்டைப் பூட்டியாவது பாருங்கள், சனமும் பரிசும் அதற்குத் தேவையில்லை.

பதில் மூன்று வாரம் வரவில்லை. பிறகு விமான ரிக்கற்றின் படம் மட்டும் வந்தது.

அவர் போய்வந்துவிட்டார். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஊரில் நின்ற நாட்களில் இரண்டு நாம்பன்களையும் காலையில் தனித்தனியே நடத்தியது அவர்தான் என்று பெரியவர் தொலைபேசியில் சொன்னார். இப்போது கிழமைக்கு ஒருமுறை பேரன் கைத்தொலைபேசியில் மாட்டு வாயைப் படம் எடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்புகிறான். அவை எனக்கும் வருகின்றன. பெரும்பாலான படங்களில் நாக்குத்தான் தெரிகிறது. வெள்ளைக்கு மூன்றாம் சோடி அசையத் தொடங்கிவிட்டது, அடுத்த பருவத்துக்கு வண்டில் பூட்டலாம் என்று தகப்பன் சொல்கிறார். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன், அசைகிற மாதிரித் தெரியவில்லை, இன்னும் நாலு மாதமாவது பொறுக்க வேண்டும் என்று மகன் எழுதுகிறார்.